அளவுக்கு வைத்த கை

மனிதர்களைப் பேச வைப்பதில் எனக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. இருபது வருடமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். படித்தது ரசாயனப் பொறியியல். செய்வது, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்ப்பது. இங்கிருந்து என்ன விஷம் எந்த வழியாக வெளியே போகும், போனால் யார் தலையில் விழும், விழுந்தால் கம்பெனியின் கையை எவ்வளவு கடிக்கும் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் பாலிசி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

தீ விபத்துக்கு இன்சூரன்ஸ் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. தொழிற்சாலைக் கழிவு பக்கத்து வீட்டுக் கிணற்றில் போய்ச் சேர்ந்தால் அதற்கும் ஒரு பாலிசி உண்டு என்று சொன்னால் என் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். விஷச் சரக்கு வைத்திருப்பவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய பாலிசி ஒன்று இருக்கிறது. டேங்க் வெடித்தது, வாயு கசிந்தது என்று திடீரென்று நடப்பதற்குத்தான் அதில் பணம் வரும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்குவதற்கு வராது. அதற்குத் தனியாக ஒன்று எடுக்க வேண்டும், அதை யாரும் ஆசைப்பட்டு எடுப்பதில்லை. வெளிநாட்டு வியாபாரி கேட்டால் எடுப்பார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது மைசூரில். அம்மா கொள்ளேகால் பக்கம். எங்கள் வீட்டில் தமிழும் கன்னடமும் ஒரே தட்டில் பிசைந்து கிடக்கும், எது எதுவென்று பிரித்துப் பார்த்ததில்லை. வேலையில் மட்டும் கறாராகப் பிரித்து வைத்திருந்தேன். முதலாளிகளிடம் கன்னடம். ரிப்போர்ட்டுக்கு இங்கிலீஷ். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் அம்மாவின் தமிழ். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கழிவுநீர்ப் பக்கம் போனால் பத்துக்கு நாலு பேர் ஹனூர், ராமாபுரம், கொள்ளேகால் ஆட்களாக இருப்பார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். முதலாளி ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் மறைத்ததை அவர்கள் பத்து நிமிடத்தில் கொட்டிவிடுவார்கள். முதலாளிகள் சொல்வதை மட்டும் நம்பி எழுதியிருந்தால் இந்த மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையும் இதுவரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

அம்மா அந்தத் தமிழில் எனக்குச் சோறு ஊட்டினாள். நான் அதை வைத்து ஆட்களின் வாயைக் கிளறினேன். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை, பெருமைதான் இருந்தது.

அந்த முலாம் பூசும் தொழிற்சாலை நஞ்சன்கூட்டுக்கு வெளியே, கபினிப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. இரும்புச் சாமான்களுக்கு குரோமியம் பூசிப் பளபளவென்று ஆக்கி அனுப்புவார்கள். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் பெரிய ஆர்டர் கொடுக்கத் தயாராக இருந்தார். ஆனால் சுற்றுச்சூழல் பாதிப்புக்கான பாலிசி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு பாலிசி என்றால் ஒரு காகிதம், அது அவசரமாக வேண்டும், அவ்வளவுதான். இடையில் இருந்த தரகர் எனக்கு தினமும் இரண்டு தடவை போன் செய்தார்.

நாங்கள் திடுதிப்பென்று போய் நிற்க மாட்டோம். மூன்று நாள் முன்னால் சொல்லிவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். அந்த மூன்று நாளில் கல்யாண வீடு மாதிரி வேலை நடக்கும். நான் போனபோது வாசலிலிருந்து தொட்டிகள் வரை தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள், பெயின்ட் இன்னும் செருப்பில் ஒட்டியது. முதலாளி நல்ல மனிதர். இதை நக்கலாகச் சொல்லவில்லை. அதட்டிப் பேசத் தெரியாதவர், எனக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அது வரும்வரை நின்றுகொண்டே இருந்தார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஏனூ தொந்தரே இல்லா மேடம்." ஒரு தொந்தரவும் இல்லையாம்.

அவருக்கு ஒரு போன் வந்தது. நான் கழிவுநீர்ப் பக்கம் தனியாக நடந்தேன்.

அங்கே இருந்த ஆபரேட்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பகுதி முழுவதும் அவர் ஒருவர் பொறுப்பில். நான் ஊர் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ராமாபுரம். நான் கொள்ளேகால் என்றேன். அம்மா ஊர் என்று சொல்லாமல் என் ஊர் என்றே சொன்னேன். மேடம் என்று ஆரம்பித்தவர் இரண்டாவது வாக்கியத்திலேயே அக்கா என்றார்.

"ஒண்ணு காட்டறேன் வாங்கக்கா" என்று கடைசித் தொட்டிக்கு அழைத்துப் போனார். பூச்சு வேலை முடிந்த சாமான்களைக் கழுவிய தண்ணீர் வந்து சேரும் தொட்டி அது. தரையோடு தரையாகப் பள்ளம் தோண்டி உள்ளே சிமென்ட் பூசியது. தண்ணீர் எலுமிச்சைச் சாறு நிறத்தில் இருந்தது. உள்சுவரில் சாக்பீஸ் கோடுகள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக.

"சாயந்திரம் மோட்டார நிறுத்திப்போட்டு தண்ணி நிக்கற எடத்துல ஒரு கோடு போட்டுருவனுங்க. காலைல வந்து பாத்தா ஒரு சாண் எறங்கியிருக்குதுங்க. யாரும் எடுக்கறதில்லீங்க. போன மழைக்கு அடியில விரிசல் உட்ருச்சுங்க."

"எங்க போவுது?"

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஓட்டு வீடுகள் ஒரு வரிசையாக இருந்தன. மொத்தம் எட்டுக் குடும்பம், எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள். அவருடைய வீடும் அதில்தான். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே போர்வெல்.

"அந்த போர்த்தண்ணி இப்ப லேசா மஞ்சளா வருதுங்கக்கா. குடிக்கறதுக்குக் கேன் வாங்கறோம். குளிக்க, ஏனம் கழுவ அதுதானுங்க. எம்புள்ளைக்கு எட்டு வயசுங்க. வெரல் சந்துல புண்ணு, ஆற மாட்டேங்குது."

முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் சொன்னாராம். பிறகு முதலாளியையே கூட்டிக்கொண்டு வந்து கோட்டைக் காட்டினாராம். வெயிலில் ஆவியாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"நீங்க எழுதுனா தொட்டிய சரி பண்ணுவாங்களாங்க?"

"எழுதினா கட்டாயம் பண்ணுவாங்க தம்பி" என்றேன். அந்த நிமிடத்தில் அதை நானும் நம்பினேன் என்று நினைக்கிறேன். நினைவில் அப்படித்தான் இருக்கிறது, என் நினைவு எப்போதும் என் பக்கம்தான் பேசும்.

போட்டோ எடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. விரிசலோ குழியோ கறையோ, எதைப் படம் பிடித்தாலும் பக்கத்தில் அளவு தெரிகிற மாதிரி ஒரு பொருளை வைக்க வேண்டும். ஸ்கேல் வைப்போம், இல்லாவிட்டால் பேனா. எல்லாவற்றிலும் சிறந்தது டேப். டேப் காரில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கார் வரை நடக்க எனக்குச் சோம்பல். "தம்பி, அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல கைய வைங்க" என்றேன். அவர் மண்டியிட்டுக் கையை விரித்துச் சாணாக வைத்தார். நேற்றைய கோட்டிலிருந்து இன்றைய தண்ணீர் வரை சரியாக ஒரு சாண். ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. கட்டைவிரல் பக்கம் காசு அளவில் வட்டமாக ஒரு புண் இருந்தது. படம் நன்றாக வந்தது.

கிளம்பும்போது என் கார்டைக் கொடுத்தேன். அவர் ஒன்று கேட்டுக்கொண்டார். பெயரைப் போட வேண்டாம், போர்த்தண்ணி விஷயத்தை இன்னார் சொன்னார் என்று எழுத வேண்டாம், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார்.

ரிப்போர்ட்டில் போர்த்தண்ணியை நான் எழுதவே இல்லை. அவர் கேட்டுக்கொண்டதால்தான் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டது தன் பெயரை விடச் சொல்லித்தான், தண்ணீரை விடச் சொல்லி இல்லை. தண்ணீரை எழுதினால் மாதிரி எடுக்க வேண்டும், லேபுக்கு அனுப்ப வேண்டும், ரிசல்ட் வரும்வரை எல்லாம் நிற்கும், தரகர் நாளுக்கு இரண்டு தடவை என்பது இருபது தடவையாகும். அடுத்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் தொட்டியைப் பற்றி மட்டும் எழுதினேன். நீர்மட்டம் காரணம் தெரியாமல் குறைகிறது, ஆவியாதல் என்று நிர்வாகம் சொல்கிறது, மூன்று மாதத்துக்குள் சோதித்துப் பார்க்கவும். யாருக்கும் நோகாத வாக்கியம். இந்த மாதிரி வாக்கியம் எழுதுவதில் நான் கைதேர்ந்தவள்.

பரிந்துரைகளும் படங்களும் முதலாளிக்கும் ஒரு பிரதி போகும். அதுதான் முறை, எனக்கு அது தெரியாததல்ல.

பாலிசி வந்தது. ஆர்டரும் கையெழுத்தானது. முதலாளி சந்தோஷத்தில் என் வீட்டுக்கு ஒரு தார் ரசபாளே வாழைப்பழம் அனுப்பினார். இப்போதெல்லாம் அந்தப் பழம் நல்லதாகக் கிடைப்பதே அபூர்வம். தினமும் இரண்டு என்று கணக்கு வைத்துத் தின்றேன்.

தாரில் பாதி தீர்வதற்குள் ஆபரேட்டர் போன் செய்தார். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"போட்டாவுல எங்கையப் பாத்துட்டாங்கக்கா."

"நான் பேரே போடலையே தம்பி."

"பேரு எதுக்குங்க? கையப் பாத்தா தெரியுதுல்லீங்க."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேல போனாப் போவுதுங்க. பெயின்ட் கடைல கூப்புட்டிருக்காங்க. தொட்டிய மட்டும் சரி பண்ணச் சொல்லுங்கக்கா. புள்ளைங்க இருக்கற எடமுங்க." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து முதலாளியிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது, சோதித்தோம், தொட்டி நன்றாக இருக்கிறது என்று. அதைக் கோப்பில் சேர்த்தேன்.

அவர் குடும்பம் அதே ஓட்டு வீட்டில்தான் இருந்தது. மனைவிக்குப் பக்கத்துத் துணி ஆலையில் தையல் வேலை, பெண்ணுக்குப் பள்ளிக்கூடம், அட்வான்ஸ் பணம் வீட்டுக்காரரிடம். விஷத் தண்ணீர் என்று தெரிந்தும் ஏன் காலி செய்யவில்லை என்று அலுவலக அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாதச் சம்பளத்தில் வாடகை வீடு தேடி அலைந்ததில்லை.

ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு எட்டு வீட்டுக்குமான அந்த போரில் தண்ணீர் பச்சை மஞ்சளாகவே கொட்டியது. படம் செய்தித்தாளில் வந்தது. அதிகாரிகள் வந்து தொழிற்சாலையைப் பூட்டினார்கள். தொட்டியை உடைத்துப் பார்த்தபோது அடித்தளம் இரண்டாகப் பிளந்திருந்தது. வெளிநாட்டு வியாபாரி அன்றைக்கே விலகிக்கொண்டார். எந்திரங்களை பேங்க் எடுத்துக்கொண்டது, நிலம் குத்தகை நிலம். முதலாளியிடம் பிடுங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. மிச்சம் இருந்தது அந்தப் பாலிசி மட்டும். காகிதம்தானே என்று வாங்கியது, எட்டுக் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் கதி என்று ஆகிவிட்டது. நல்ல தண்ணீர் இருக்கிற இடத்துக்குக் குடி போக வேண்டும், பிள்ளைகளுக்குத் தோல் வைத்தியம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பணம் அதிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

வேலை செய்கிற ஆளுக்கு இந்தப் பாலிசியில் ஒன்றும் வராது. வெளி ஆளுக்குத்தான் வரும், எங்கள் பாஷையில் மூன்றாம் நபர். என் ஆபரேட்டரை ஒன்றரை வருடம் முன்பே துரத்திவிட்டதால் அவருக்கு அந்தத் தகுதி கிடைத்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் மைசூர்க் கிளையில் இருந்த அதிகாரி இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மண்ணுக்குள் விஷம் இறங்குவது பாலிசி எடுப்பதற்கு முன்பே முதலாளிக்குத் தெரிந்திருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு பைசா தர வேண்டியதில்லை. வீடு எரியும்போது ஓடிப்போய் தீ பாலிசி எடுக்க முடியாது இல்லையா, அதே நியாயம். எனக்கு எதுவும் தெரியாது, ஆவியாகிறது என்றுதான் நினைத்தேன் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். என் ரிப்போர்ட்டும் அவருக்கு இசைவாகக் காரணம் தெரியாமல் குறைகிறது என்றுதான் சொன்னது. ஆக, முதலாளியின் பொய் நிற்கிற வரைக்கும் எட்டுக் குடும்பத்துக்கும் பணம் உண்டு. அது பொய் என்று நிரூபித்தால் போச்சு.

எட்டுக் குடும்பமும் நஷ்டஈடு கேட்டதும் இன்சூரன்ஸ் கம்பெனி மும்பையிலிருந்து ஒரு வக்கீலை அனுப்பியது. பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எட்டு வீட்டின் சார்பில் என் ஆபரேட்டர் வருவார் என்றார்கள், நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர் அவர்தான். வக்கீலுக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. இடம் தெரிந்தவள், மொழியும் தெரிந்தவள் என்று மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மறுத்திருக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். போரில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று முதல் நாளே என்னிடம் சொல்லப்பட்டதும் நான் அதை விழுங்கியதும் வெளியே வந்தால் என் லைசென்ஸ் போய்விடும். அதனால் அந்த அறையில் வேறு யாரும் மொழிபெயர்ப்பதைவிட நானே இருப்பது நல்லது என்று கணக்குப் போட்டேன்.

மைசூர்க் கிளை மாடியில், காலை பதினோரு மணி. வெளியே வராண்டா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மனைவி, மகள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் டாக்டர் சீட்டுகளும் பெண்ணின் கைகளைப் படம் பிடித்த போட்டோக்களும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அக்கா நீங்களே வந்துட்டீங்களா, அப்பாடா. என்ன சொல்லோணும்னு ஒரே ரோசனைங்க."

ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு வாருங்கள், இன்றைக்கு எதுவும் பேசாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய் சொல்லச் சொன்னதாகாது. எந்தச் சட்டத்திலும் குற்றமும் ஆகாது. பத்து வினாடி போதும். அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளதச் சொல்லுங்க தம்பி. எது எப்ப நடந்துச்சோ அத அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"கன்னடத்துலயே சொல்லிப்போடட்டுங்களா?"

உள்ளே மூலையில் கிளை அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் ஹுப்பள்ளிக்காரர், கன்னடம் புரியும், தமிழ் சுத்தமாக வராது.

"எதுக்கு? நம்ம பேச்சுலயே சொல்லுங்க. நான் எடுத்துச் சொல்றேன்."

என் பாசத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. இதை நான் மிகைப்படுத்தவில்லை.

வக்கீல் சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார், முதலில் பெண்ணின் உடம்பு எப்படி என்று கேட்டார். பத்து நிமிடம் வீடு, வாடகை, தண்ணீர் என்று சுற்றினார். பிறகு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். தொட்டி கசிவது உங்களுக்கு எப்போது தெரியும், யாரிடம் சொன்னீர்கள்? நான் தமிழில் கேட்டேன். ஆபரேட்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். முதலாளி தெரிந்தே செய்தார் என்று சொல்லிவிட்டால் ஜெயித்த மாதிரி என்று அவர் நினைத்திருந்தார். கோர்ட்டு, போலீஸ், ஊர்ப் பஞ்சாயத்து எங்கே போனாலும் அது சரியான கணக்குத்தான். இன்சூரன்ஸில் மட்டும் அது தலைகீழ்.

"அந்த பாலிசி கிலிசி எல்லாம் எடுக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாலயே தெரியுமுங்க. மொதல்ல சூப்பர்வைசருகிட்டச் சொன்னேன். கேக்கலீங்க. அப்பறம் மொதலாளியவே கையோட கூட்டியாந்து கோட்டக் காட்டி, சார், இது அடியில போவுது, அந்தப் பக்கம் ஊட்டுக்குத் தண்ணி கெட்டுப்போவுதுன்னு சொன்னனுங்க. அவரு குனிஞ்சு பாத்தாரு. 'ஏனூ ஆகல்லா, நின் கெலச நோடு'ன்னாரு. ஒண்ணும் ஆகாது, உன் வேலயப் பாருன்னுட்டாருங்க. சத்தியமா நடந்ததுங்க. அதுக்கப்பறந்தான் இந்த அக்கா வந்தாங்க. இவங்ககிட்டயும் தொட்டியக் காட்டி, போர்த்தண்ணி மஞ்சளா வருதுன்னுஞ் சொன்னேன். எழுதறேன்னாங்க."

அவர் கன்னடத்தில் சொன்ன அந்த ஒரு வரிக்கு மூலையில் இருந்த அதிகாரி தலையை நிமிர்த்தினார். பிறகு மறுபடி போனைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் மொழிபெயர்த்தேன். நிதானமாக, ஒன்றுவிடாமல். ஆறு மாதம் முன்பு, சூப்பர்வைசர், பிறகு முதலாளியே நேரில், சாக்பீஸ் கோடு, அடியில் போகிறது என்று சொன்னது, தண்ணீர் கெடுகிறது என்று சொன்னது, குனிந்து பார்த்தது, உன் வேலையைப் பார் என்றது. நல்ல இங்கிலீஷில், தெளிவாகச் சொன்னேன். சத்தியமா என்றதைக்கூட விடவில்லை. அந்த அக்கா வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

"வேறு ஏதாவது சொன்னாரா?" என்று வக்கீல் கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

என்னைக் காயப்படுத்தக்கூடிய இரண்டு வாக்கியத்தை அவ்வளவு லாவகமாக என்னால் விட முடிந்தது. அவரைக் காயப்படுத்தக்கூடியதை விடலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன். வக்கீல் தட்டச்சு செய்து, பிரின்ட் எடுத்து, கையெழுத்து வாங்கினார். ஆபரேட்டர் அந்த இங்கிலீஷ் காகிதத்தின் அடியில் கன்னட எழுத்தில் தன் பெயரைப் பொறுமையாக எழுதினார்.

வெளியே வந்ததும் மனைவியிடம் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "கெட்டியாச் சொல்லிப்போட்டமுங்களா அக்கா? தெரிஞ்சேதான் பண்ணுனாங்கன்னு இப்ப எழுத்துலயே ஆயிப்போச்சுல்லீங்க" என்றார்.

"ஆயிடுச்சு தம்பி."

"அத்தைக்குக் கும்புடு போடு கண்ணு" என்று பெண்ணிடம் சொன்னார். அவள் கும்பிட்டாள். விரல்களுக்கு நடுவே தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் அவள் தலையைத் தொட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று படியிறங்கினேன். கீழே கடையில் காபி குடித்தேன், ஒன்றும் செய்யவில்லை, நன்றாகவே இறங்கியது.

மூன்று வாரத்தில் கடிதம் போனது. எட்டுக் குடும்பத்தின் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. காரணம், கசிவு பாலிசிக்கு முன்பே முதலாளிக்குத் தெரியும், கோரிக்கையாளரின் சொந்த வாக்குமூலமே அதற்குச் சான்று. அதில் இருந்த தொழில்நுட்பப் பத்தியை எழுதிக் கொடுத்தது நான்தான். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் அவர் அதைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு, கூப்பிட்டார்.

"என்னங்கக்கா போட்டிருக்குது? ஊட்டுல எல்லாரும் சுத்தி நிக்கறாங்க."

படித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் ஓசை கேட்டது, யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.

"நாஞ் சொன்னதுனாலயாங்க?"

"ஆமா தம்பி."

"அப்ப நாஞ் சொல்லாம இருந்திருந்தா குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க."

எட்டு வீட்டுக்காரர்களும் சுற்றி நிற்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சார்பாக அன்றைக்கு பஸ் ஏறிப் போனவர் அவர். இனி ஒவ்வொரு நாள் காலையும் அதே போரடியில் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். எனக்கு அது புரிந்தது. புரிந்துகொள்வதில் நான் எப்போதும் குறை வைத்ததில்லை.

"அக்கா, இப்படி ஆவும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாங்க?"

"தெரியாது" என்றேன்.

"அதானுங்க, நானும் இவங்ககிட்ட அதத்தான் சொல்றேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்கக்கா. தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."